கிராமத்து பப்: சாப்பாடு, கவனிப்பு, கோபம் (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஒரு வாசகி, குடும்பத்தோட காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமத்து பப்புக்குப் போய் அருமையா சாப்பிட்டதா எழுதியிருந்தாங்க, அதே பப்புக்கு அடுத்த வாரம் போன அவங்க தங்கச்சி குடும்பம் பசியோட திரும்பி வந்ததையும் எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சுட்டு பிரிட்டன் முழுக்க இருந்து கடிதம் வந்துக்கிட்டே இருக்கு. அதனால இந்த இதழ் முழுக்க பப் கேள்விதான். நான் படிக்கிற காலத்துல ஆக்ஸ்ஃபர்ட்ஷயர்ல ஒரு கிராமத்து பப்புல வார இறுதி வேலை பார்த்தவ, அதனால கவுன்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னும் சேர்த்தே சொல்றேன்.

அக்கா, நார்தாம்ப்டன்ஷயர்ல ஒரு பப்புல டேபிள்ல போய் உக்காந்தோம். அரை மணி நேரம் ஒருத்தரும் வரலை. எங்களுக்கு அப்புறம் வந்தவங்க சாப்பிட்டே முடிச்சுட்டாங்க. நிறம் பார்த்து ஒதுக்கினாங்களா?
(வாசகர், மில்டன் கீன்ஸ்)

நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா, உங்களுக்கு அப்புறம் வந்தவங்க நேரா பாருக்குப் போய் ஆர்டர் குடுத்திருப்பாங்க. பெரும்பாலான கிராமத்து பப்புல டேபிளுக்கு ஆள் வரமாட்டாங்க. நாமதான் இடம் பிடிச்சு, டேபிள் நம்பரைப் பார்த்து வெச்சுக்கிட்டு, பாருக்குப் போய் சாப்பாடு குடிக்கிறது ரெண்டையும் சொல்லி அங்கேயே காசு கட்டணும், இல்ல கார்டைக் குடுத்து கணக்கு திறந்து வைக்கச் சொல்லணும். குடிக்கிறதை கையோட வாங்கிட்டு வந்துடலாம், சாப்பாடு மட்டும் டேபிளுக்கு வரும். உணவுக்கு நல்லா பேரெடுத்த சில பப்புல ரெஸ்டாரன்ட் மாதிரி தனி அறை வெச்சு டேபிளுக்கே வந்து எழுதிப்பாங்க. எது எப்படின்னு தெரியலைன்னா உள்ள போனதும் பார்ல இருக்கிறவர்கிட்ட "சாப்பாட்டுக்கு இங்க சொல்லணுமா, டேபிள்லயா"ன்னு கேட்டுருங்க, அவங்களுக்கு இது தினமும் வர்ற கேள்வி.

பார்ல வரிசை கிடையாது, ஆனா வரிசை இருக்கு. யார் யாருக்கு அப்புறம் வந்தாங்கன்னு பார்ல நிக்கிறவர் மனசுல வெச்சிருப்பார். கையை ஆட்டுறது, கார்டைத் தட்டுறது, கூப்பிடுறது எல்லாம் வேண்டாம், கவுன்டர்ல ஒட்டி நின்னு அவர் கண்ணைப் பார்த்தா போதும். உங்களுக்கு முன்னாடி வந்தவர் இருக்கும்போது உங்ககிட்ட கேட்டா, "அவர் எனக்கு முன்னாடி வந்தார்"னு சொல்லிடுங்க, அந்த ஒரு வார்த்தையில அந்த ஊருக்கே நீங்க வேண்டியவராயிடுவீங்க.

ஆனா ஒண்ணு. குழந்தைகளோட ஒரு குடும்பம் அரை மணி நேரம் வெறும் டேபிள்ல உக்காந்திருக்கிறதைப் பார்த்துட்டு, காலி கிளாஸ் எடுக்க வந்தவங்க கூட "பார்ல வந்து சொல்லுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லலைன்னா அது அவங்க தப்புதான். முறை தெரியாதவங்களுக்கு முறையைச் சொல்றது சர்வீஸ்ல முதல் வேலை. அதுல அந்த பப் தவறிடுச்சு, நீங்க வருத்தப்பட்டது நியாயம்.

நிறம் பத்தி இன்னும் நேரா கேக்குறேன். நாங்க உள்ள நுழைஞ்சதும் பேச்சு நின்னு எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மறுபடி போக மனசு வரலை.
(வாசகி, லெஸ்டர்)

அந்த உணர்வை சின்னதுன்னு நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டுல பப்புக்குள்ள நம்ம மாதிரி ஆளுங்களை விடமாட்டேன்னு வெளிப்படையா சொன்ன காலம் ரொம்பப் பழசு இல்லை. பர்மிங்காம் பக்கத்துல ஸ்மெதிக்ல 1960கள்ல பப்புல நிறத் தடை இருந்துச்சு, இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரங்க அதை எதிர்த்துப் போராடினாங்க, 1965 பிப்ரவரியில அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்து மார்ஷல் ஸ்ட்ரீட்ல நடந்தார். அதே வருஷக் கடைசியில வந்த இன உறவுச் சட்டம்தான் பப், ஹோட்டல் மாதிரி பொது இடங்கள்ல நிறம் பார்த்து ஆளை மறுக்கறதை சட்டவிரோதம் ஆக்குச்சு. இப்ப அதெல்லாம் 2010ஆம் வருஷ சமத்துவச் சட்டத்துக்குள்ள இருக்கு.

அதே சமயம் சின்ன கிராமத்துல தினமும் அதே பத்துப் பேர் உக்கார்ற பார்ல, பக்கத்து ஊர்க்காரர் நுழைஞ்சாலும் தலை திரும்பும். பார்வையை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பார்ல இருக்கிறவர் முகம் பார்த்து "ஹலோ" சொன்னாரா, உங்க முறை வந்தப்போ உங்ககிட்ட கேட்டாரா? ரெண்டும் நடந்துச்சுன்னா ரெண்டாவது தடவை போய்ப் பாருங்க, அப்ப பேச்சு நிக்காது. மாறா, இடம் இல்லைன்னு உங்களை அனுப்பிட்டு உங்க கண்ணு முன்னாடியே புக்கிங் இல்லாத இன்னொருத்தருக்கு இடம் குடுத்தா அதை விடாதீங்க. தேதி, நேரம், என்ன சொன்னாங்க எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வைங்க. பப் யாருக்குச் சொந்தமோ அந்தக் கம்பெனிக்கு எழுதுங்க, பெரும்பாலும் வாசல் போர்டுலயே ப்ரூவரி (பியர் தயாரிக்கிற கம்பெனி) பேர் இருக்கும். சமத்துவச் சட்டம் பத்தி ஆலோசனை சொல்ல ஈஏஎஸ்எஸ்னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு. கவுன்டி கோர்ட்டுக்குப் போறதா இருந்தா ஆறு மாசத்துக்குள்ள போகணும், அதனால தள்ளிப் போடாதீங்க.

ஒரே பப், ஒரே சண்டே ரோஸ்ட் (ஓவன்ல வாட்டின கறியோட வர்ற ஞாயிறு சாப்பாடு), ஒரே விலை. முதல் தடவை பகல் பன்னெண்டரைக்குப் போனப்போ சொர்க்கம். ரெண்டாவது தடவை மூணரைக்குப் போனா கறி சாம்பல் கலர், உருளைக்கிழங்கு தோல் மாதிரி, கிரேவி மேல ஆடை. ஆள் ஆளுக்கு ஒரு மாதிரி சமைக்கிறாங்களா?
(வாசகர், ரெடிங்)

கேள்வியிலயே பதிலை எழுதிட்டீங்க, நேரம்தான் காரணம். வந்த கடிதங்கள்ல ஒரே பப்பை ஒருத்தர் புகழ்ந்து இன்னொருத்தர் திட்டுறதுக்குப் பாதி காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ரோஸ்ட் ஆர்டர் வந்ததும் சமைக்கிற சாப்பாடு இல்லை. பெரிய மாட்டுக்கறித் துண்டு காலையிலேயே ஓவனுக்குள்ள போகும், வெளிய எடுத்து அரை மணி நேரமாவது அப்படியே ஆற விடுவாங்க, அப்பத்தான் சாறு உள்ளயே நிக்கும். பன்னெண்டு மணிக்கு முதல் துண்டு வெட்டும்போது நடுவுல ரோஜாக் கலர்ல இருக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு அரை மணி நேரமும் சூட்டு விளக்குக்குக் கீழேயோ வார்மர்லயோ இருக்க இருக்க அது தானா வெந்துக்கிட்டே போகும், மூணு மணிக்கு நீங்க சொன்ன சாம்பல் கலர். யார்க்‌ஷயர் புட்டிங் மாவு, முட்டை, பால் கரைச்சு கொதிக்கிற கொழுப்புல ஊத்தி இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல உப்பி வர்ற சமாச்சாரம், வந்த உடனே சாப்பிட்டா வெளிய மொறுமொறு உள்ள மெத்து, ரெண்டு மணி நேரம் கழிச்சு சாப்பிட்டா அட்டை. உருளைக்கிழங்கும் அப்படித்தான், ஓவன்ல இருந்து வந்த முதல் இருபது நிமிஷம்தான் அதோட வாழ்க்கை.

நான் வேலை பார்த்த கிச்சன் நம்ம வீட்டு ஹாலை விடப் பெருசா இருக்காது. ஒரு செஃப், ஒரு உதவியாள், பாத்திரம் கழுவ ஒரு பள்ளிக்கூடப் பையன். ஆர்டர் சீட்டு குத்துற கம்பியில பன்னெண்டே முக்கால் வரைக்கும் நாலு சீட்டு தொங்கும், ஒண்ணேகாலுக்கு நடைபயணம் வந்த கூட்டமும் சர்ச் முடிஞ்சு வந்த கூட்டமும் சேர்ந்து சீட்டு தரை வரைக்கும் வந்துடும், செஃப் அதைப் பார்க்கவே மாட்டார், கையில இருக்கிற தட்டை மட்டும் பார்ப்பார். அந்த நேரத்துல புதுசா ஒரு ட்ரே உருளைக்கிழங்கு போட ஓவன்ல இடம் இருக்காது. கெட்ட எண்ணத்துல யாரும் பழசைக் குடுக்கறதில்லை, ஆனா சாப்பிடுறவங்களுக்கு அது பழசுதான்.

அதனால சண்டே ரோஸ்டுக்கு முதல் பந்தியில புக் பண்ணுங்க, பன்னெண்டுல இருந்து ஒரு மணிக்குள்ள. மூணு மணிக்குத்தான் போக முடியும்னா போன்லயே "அந்த நேரத்துக்கு ரெண்டாவது தடவை ரோஸ்ட் போடுவீங்களா"ன்னு கேளுங்க. நல்ல பப் ரெண்டு தவணையா போடும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லும். கடைசித் துண்டுதான் இருக்குன்னா ஆர்டர் எடுக்கும்போதே "பீஃப் கொஞ்சம் நல்லா வெந்துடுச்சு, பரவாயில்லையா, இல்ல பை (மாவுக்குள்ள கறி வெச்சு சுட்டது) எடுத்துக்கிறீங்களா"ன்னு கேக்குற பப்பைத்தான் நான் நல்ல பப்னு சொல்லுவேன். முழு விலையை வாங்கிட்டு ஒண்ணும் சொல்லாம கொண்டு வந்து வைக்கிறது சரியே இல்லை, அன்னைக்குக் கிச்சன் எவ்வளவு சிரமப்பட்டிருந்தாலும் சரி.

அப்படி வந்துட்டா? ரெண்டு மூணு வாய் சாப்பிட்டதுமே சொல்லுங்க. தட்டைக் காலி பண்ணிட்டு பில் கேக்கும்போது சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நம்பினாலும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. பாருக்குப் போய், மத்தவங்க காதுல விழாத மாதிரி, "கறி ஆறிப் போய் காஞ்சிருக்கு, வேற ஏதாவது தர முடியுமா"ன்னு கேளுங்க. 2015ஆம் வருஷ நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சாப்பாடு சொன்ன மாதிரி, திருப்தியான தரத்துல இருக்கணும், சர்வீஸும் நியாயமான அக்கறையோட இருக்கணும், இல்லைன்னா மாத்திக் கேக்கவோ விலை குறைக்கச் சொல்லவோ உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா சட்டத்தைப் பார்ல நின்னு சொல்ல வேண்டிய நிலைமை ரொம்ப அபூர்வமாத்தான் வரும். நேரத்தோட, மரியாதையா சொன்னா பெரும்பாலான லேண்ட்லார்ட் (பப்பை நடத்துறவர்) உடனே சரி பண்ணிடுவாங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் "நல்லாருக்கா"ன்னு கேக்கும்போது "ஃபைன்"னு சிரிச்சுட்டு, கார்ல ஏறினதும் ஒன் ஸ்டார் போடுறாங்க. அவர் வந்து கேட்ட அந்த நிமிஷம்தான் உங்களுக்கான நேரம்.

நாங்க சுத்த சைவம். யார்க்‌ஷயர்ல ஒரு பப்புல சிப்ஸ் மட்டும் வாங்கிச் சாப்பிட்டோம், கடைசியில அது மாட்டுக் கொழுப்புல பொரிச்சதுன்னு தெரிஞ்சு அம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. முன்னாடியே தெரிஞ்சுக்க என்ன கேக்கணும்?
(வாசகி, ஹாரோ)

அம்மாவுக்கு எவ்வளவு வேதனையா இருந்திருக்கும்னு புரியுது. பீஃப் டிரிப்பிங்னு சொல்ற மாட்டுக் கொழுப்புல சிப்ஸ் பொரிக்கறது யார்க்‌ஷயர்ல ரொம்ப சாதாரணம், அதுதான் ருசின்னு பெருமையாவே எழுதி வெச்சிருப்பாங்க. எழுதி வைக்காத இடமும் உண்டு.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எல்லா பப்பும் 14 வகை அலர்ஜிப் பொருள் பத்தின தகவலைக் கேட்டா சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, அதை நம்பி நிறைய பேர் அந்த அலர்ஜி ஷீட்டை மட்டும் பார்த்துட்டு விட்டுடறாங்க. அந்த 14ல பால், முட்டை, மீன், கடுகு, எள்ளு எல்லாம் வரும், மாட்டுக் கொழுப்பு வராது. அதனால ஷீட்ல எதுவுமே இல்லைன்னா சைவம்னு அர்த்தம் ஆகாது, வாயைத் திறந்து கேட்டே ஆகணும்.

கேக்க வேண்டியது: சிப்ஸ் எந்த எண்ணெயில? அதே ஃப்ரையர்ல மீனும் போடுறீங்களா? சின்ன கிச்சன்ல ரெண்டு ஃப்ரையர்தான் இருக்கும், கூட்டம் வந்தா தனித்தனியா வெச்சிருக்கிறதும் கலந்துடும், அதனால "இன்னைக்கு" எப்படின்னு கேளுங்க. ரோஸ்ட் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்புலயோ மாட்டுக் கொழுப்புலயோ வெந்திருக்கலாம், யார்க்‌ஷயர் புட்டிங்கும் அப்படியே, முட்டையும் உண்டு. "வெஜிடேரியன் ரோஸ்ட்"னு நட் ரோஸ்டை (கொட்டைப் பருப்புல பண்றது) வெச்சுட்டு மேல கறி கிரேவியை ஊத்திக் கொண்டு வர்ற கொடுமையும் நடக்குது, கிரேவி தனியான்னு கேளுங்க. ஸ்டீம் புட்டிங்ல சூயட்னு மாட்டுக் கொழுப்பு இருக்கலாம், சைவ சூயட்டும் உண்டு. சீஸ் டோஸ்ட் மேல விடுற வூஸ்டர் சாஸ்ல நெத்திலி மாதிரி மீன் இருக்கும். பார்மெசான் சீஸ்ல பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னட் இருக்கும், செடார்ல பெரும்பாலும் சைவ ரென்னட்தான்.

வீட்ல யாராவது பியர் குடிக்கிறவங்க இருந்தா இதையும் சொல்லிடுங்க. பாரம்பரிய காஸ்க் பியரை (பீப்பாயிலயே பதமாகிற பியர்) தெளிய வைக்க மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கிற ஐசிங்கிளாஸைச் சேர்க்கிற பழக்கம் இன்னும் இருக்கு. அதை அலர்ஜியாவும் எழுத வேண்டியதில்லைன்னு விலக்கு குடுத்திருக்காங்க. சேர்க்காம கலங்கலாவே விக்கிற ப்ரூவரியும் நிறைய வந்தாச்சு, வீகன்னு பம்ப் மேல இருக்கிற பேர்ப்பலகையிலயே போட்டிருப்பாங்க.

கேக்கும்போது "நாங்க வெஜிடேரியன்"னு மட்டும் சொல்லாதீங்க, இங்க அந்த வார்த்தைக்குள்ள மீன் சாப்பிடுறவங்க கூட வந்துடறாங்க. "மத நம்பிக்கை காரணமா மாட்டுக் கொழுப்பு, மீன், முட்டை எதுவும் படக்கூடாது"ன்னு சொன்னா பார்ல இருக்கிற பொண்ணு தானா முடிவு பண்ணாம உள்ள போய் செஃப்கிட்டயே கேட்டுட்டு வருவா. அப்படிக் கேட்டுட்டு வந்து "சாரி, இன்னைக்கு உங்களுக்குப் பாதுகாப்பா ஜாக்கெட் பொட்டேட்டோ (தோலோட சுட்ட உருளைக்கிழங்கு), பீன்ஸ், சாலட் மட்டும்தான்"னு சொன்னா அதை மோசமான சர்வீஸ்னு எழுதாதீங்க, அது உண்மையான சர்வீஸ்.

பப்புல சும்மா தண்ணி கேக்கலாமா? கேவலமா பார்க்கிறாங்க.
(வாசகர், குராய்டன்)

தாராளமா கேக்கலாம். மது லைசென்ஸ் உள்ள இடத்துல குழாய்த் தண்ணி கேட்டா இலவசமா குடுக்கணும்ங்கிறது இங்கிலாந்து, வேல்ஸ்ல லைசென்ஸ் நிபந்தனையிலயே இருக்கு. அதே மாதிரி வைன் 125 மில்லி சின்ன கிளாஸ்லயும் குடுத்தாகணும், மெனுவுல 175, 250 மட்டும் போட்டிருந்தாலும் கேளுங்க.

ஊர்ல இருந்து வந்த மாமா ஆசையா பியர் கேட்டார். குளிர்ச்சியே இல்லை, நுரையும் இல்லை. பழசைக் குடுத்து ஏமாத்திட்டாங்கன்னு கோபப்பட்டார்.
(வாசகர், ஸ்விண்டன்)

கையால இழுக்கிற நீளமான பம்ப்ல இருந்து வந்திருந்தா அது காஸ்க் ஏல். நிலவறைச் சூட்டுலதான், சுமார் 11ல இருந்து 13 டிகிரி செல்சியஸ்ல தரணும், வெளிய இருந்து காஸ் ஏத்த மாட்டாங்க, அதனால நம்ம ஊர் ஐஸ் பியர் மாதிரி இருக்காது. மாமாவுக்கு லாகர் (குளிர வெச்சு நுரையோட தர்ற பியர்) வாங்கிக் குடுங்க, சரியாயிடும். இந்தக் காஸ்க் ஏல் அழிஞ்சு போயிடக் கூடாதுன்னு 1971ல காம்ரான்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க, அவ்வளவு பாசம் அது மேல இந்த ஊர்க்காரங்களுக்கு.

ஆனா புளிச்ச வினிகர் வாடை வந்தா அது நிஜமாவே கெட்டது. காஸ்கைத் திறந்தா மூணு நாள் போல தாங்கும், கூட்டம் இல்லாத பப்புல அஞ்சு வகை பம்ப் வெச்சிருந்தா செவ்வாய்க்கிழமை குடிக்கிறவர் பாடு திண்டாட்டம். ஒரு வாய் குடிச்சுட்டு திருப்பிக் குடுங்க, நல்ல பார்க்காரர் தானே மோந்து பார்த்துட்டு வேற ஊத்துவார், விவாதமே பண்ண மாட்டார். வாங்குறதுக்கு முன்னாடி ருசி பார்க்க ஒரு சொட்டு கேட்டாலும் குடுப்பாங்க. ஒரு பைன்ட்னா 568 மில்லி, நுரை ரொம்ப ஜாஸ்தியா இருந்தா "டாப் அப் ப்ளீஸ்"னு சொல்றதுல வெக்கமே வேண்டாம்.

இன்னொண்ணு, வண்டி ஓட்டுறவர் குடிக்க வேண்டாம். கிராமத்துல பஸ் கிடையாது, டாக்ஸி வர ஒரு மணி நேரம் ஆகும், ஸ்காட்லாந்துல 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை, இங்கிலாந்துல 80. கணக்குப் போட்டுக் குடிக்கிற விஷயம் இல்லை இது.

போன வருஷம் அவ்வளவு நல்லா கவனிச்ச பப், இந்த வருஷம் முகம் குடுத்துக் கூட பேசலை. பேரு அதே, போர்டு அதே. ஏன் இப்படி?
(வாசகி, ஷ்ரூஸ்பரி)

போர்டு அதே, ஆள் மாறியிருப்பாங்க. கட்டடம் ஒரு கம்பெனிக்கோ ப்ரூவரிக்கோ சொந்தமா இருக்கும், உள்ள நடத்துறவர் வாடகைக்கு எடுத்தவர். அந்த ஒப்பந்தத்துல பெரும்பாலும் "டை" இருக்கும், அதாவது பியரை அந்தக் கம்பெனிகிட்டதான் வாங்கணும், வெளிய கிடைக்கிறதை விட ஜாஸ்தி விலையில. வாடகை, அந்த விலை, சம்பளம், சாப்பாடு மேல 20 சதவீத வாட், 2025 ஏப்ரல்ல இருந்து கூடின முதலாளி பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் (வேலையாட்களுக்காக அரசுக்குக் கட்டுற காப்பீடு) எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்போது, நல்லா நடத்தினவர் கூட சாவியைக் குடுத்துட்டுப் போயிடறார். 500ம் அதுக்கு மேலயும் இப்படி டை பப் வெச்சிருக்கிற கம்பெனிகளுக்காக 2016ல பப்ஸ் கோட்னு விதிமுறையே கொண்டு வர வேண்டி வந்துச்சுன்னா பிரச்சினை எவ்வளவு பெருசுன்னு பாருங்க. "ஃப்ரீ ஹவுஸ்"னு போர்டுல இருந்தா அந்த டை இல்லைன்னு அர்த்தம்.

செஃப் போயிருந்தாலும் இதே கதைதான். கிராமத்துக்கு பஸ் இல்லை, சின்னப் பசங்களுக்குக் கார் இல்லை, வாடகைக்கு வீடும் கிடைக்காது, அதனால மாடி அறையில தங்கி வேலை பார்க்கிற ஒரே ஒரு செஃப் கிளம்பிட்டா மெனு மொத்தமும் கிளம்பிடும். போறதுக்கு முன்னாடி சமீபத்திய ரெண்டு மாச ரிவ்யூ மட்டும் படிங்க, மூணு வருஷத்துக்கு முந்தின அஞ்சு ஸ்டார் வேற யாருக்கோ குடுத்தது. சுத்தத்துக்கான ஹைஜீன் ரேட்டிங்கும் 0ல இருந்து 5 வரைக்கும் ஆன்லைன்ல தேதியோட இருக்கும். வேல்ஸ்லயும் வட அயர்லாந்துலயும் அதை வாசல்ல ஒட்டியே ஆகணும், இங்கிலாந்துல கட்டாயம் இல்லை, அதனால வாசல்ல ஸ்டிக்கர் இல்லைன்னா நீங்களே தேடிப் பாருங்க.

அக்கா, நான் மாஸ்டர்ஸ் படிக்கிறேன், சனி ஞாயிறு ஒரு கிராமத்து பப்புல வேலை. கிச்சன் லேட்டானா திட்டு எனக்கு. டிப்ஸும் ஒழுங்கா வர்றதில்லை.
(வாசகர், கேன்டர்பரி)

தம்பி, திட்டு வாங்குறது யாருக்கும் பழகக் கூடாத விஷயம். உன் கையில இருக்கிறது ஒண்ணுதான், லேட்டாகும்னு தெரிஞ்ச உடனே டேபிளுக்குப் போய் நீயே சொல்லிடு. "இன்னும் இருபது நிமிஷம் ஆகும், சாரி, குழந்தைக்கு பிரெட் ஏதாவது கொண்டு வரட்டுமா"ன்னு கேட்டா பாதிக் கோபம் அங்கேயே இறங்கிடும். மனுஷங்களுக்குக் காத்திருக்கறதை விட மறந்துட்டாங்களோங்கிற நினைப்புதான் கோபத்தைக் கிளப்பும். யாராவது நிறத்தையோ உச்சரிப்பையோ சொல்லித் திட்டினா நீ சிரிச்சு சமாளிக்க வேண்டாம், நேரா மேனேஜரைக் கூப்பிடு. அவங்களை வெளிய அனுப்பற அதிகாரம் அவருக்கு இருக்கு.

டிப்ஸ் விஷயத்துல சட்டம் உன் பக்கம். 2024 அக்டோபர் 1ல இருந்து வாடிக்கையாளர் குடுக்கிற டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் முழுசும் வேலை செய்றவங்களுக்கே போகணும், வரியைத் தவிர எதையும் முதலாளி பிடிக்கக் கூடாது, எப்படிப் பங்கு பிரிக்கிறாங்கன்னு எழுத்துல ஒரு கொள்கையும் வெச்சிருக்கணும். அந்தப் பேப்பரைக் கேளு. தரலைன்னா ஏகாஸ்னு தொழிலாளர் ஆலோசனை அமைப்பு இருக்கு, போன் பண்ணு, ஆலோசனைக்குக் காசு கிடையாது.

மத்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பார்ல நின்னு வாங்குற பைன்டுக்கு டிப்ஸ் பழக்கம் இல்லை, "உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கோங்க"ன்னு சொல்றதுதான் அந்த ஊர் மரியாதை. டேபிள்ல கவனிச்சு சாப்பாடு போட்டாங்கன்னா நூத்துக்குப் பத்து குடுங்க. பில்லுல சேர்த்திருக்கிற விருப்ப சர்வீஸ் சார்ஜ் பிடிக்கலைன்னா எடுக்கச் சொல்லலாம், ஆனா கிச்சன் பண்ணின தப்புக்கு தட்டு தூக்கின பையனோட காசைக் குறைக்காதீங்க.

குழந்தைங்களை பப்புக்குக் கூட்டிட்டுப் போறது சரியா? நாய் எல்லாம் உள்ளயே இருக்கு.
(வாசகி, நியூபோர்ட்)

பெரியவங்களோட போனா சட்டப்படி தடையில்லை, ராத்திரி இத்தனை மணிக்கு மேல வேண்டாம்னு பப்பே ஒரு விதி வெச்சிருக்கலாம், போன்ல கேட்டுக்கோங்க. நாய் இருக்கத்தான் செய்யும், ரொம்ப அமைதியாவும் இருக்கும். பயப்படுற குழந்தைன்னா நாய் விடாத டைனிங் பக்கம் டேபிள் கேளுங்க, பல இடத்துல தனியா இருக்கு.

மோசமான அனுபவத்தை ரிவ்யூவா எழுதினேன். லேண்ட்லார்ட் கீழ வந்து கோபமா பதில் போட்டு, அப்புறம் தனியா மெசேஜ்ல "எடுத்துடுங்க, இலவச சாப்பாடு தரேன்"னார். என்ன பண்றது?
(வாசகர், டெர்பி)

இலவச சாப்பாட்டுக்காக எடுக்காதீங்க. அவர் என்ன தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு மறுபடி வாங்கன்னு கூப்பிட்டா போங்க, காசு குடுத்தே சாப்பிடுங்க, நல்லா இருந்தா பழைய ரிவ்யூ கீழயே தேதி போட்டு அதையும் எழுதுங்க. அதுதான் அடுத்து படிக்கிறவங்களுக்கும் பிரயோஜனம். காசு வாங்கினதை மறைச்சு எழுதுறது, போகாமலே எழுதுறது எல்லாம் 2025 ஏப்ரல் 6ல இருந்து இங்க தடை செய்யப்பட்ட வியாபாரப் பழக்கத்துல வந்துடுச்சு.

உங்க ரிவ்யூவைப் படிச்சேன், ஒரு கருத்து சொல்றேன், தப்பா எடுக்காதீங்க. "வேஸ்ட், போகாதீங்க"ன்னு எழுதினதுல இருந்து யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்ன ஆர்டர், எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க, சொன்னப்போ என்ன பதில் வந்துச்சு, இதை எழுதுங்க. ஸ்டேக் பை கேட்டீங்க, கிண்ணத்துல குழம்பு மேல ஒரு பஃப் மூடி வெச்சுக் குடுத்தாங்கன்னு நீங்க கடைசி வரியில எழுதியிருந்தது இருக்கே, அதுதான் அந்த ரிவ்யூவுலயே உருப்படியான வரி. அடியிலயும் சுத்தியும் மாவு இல்லாம அதைப் பைன்னு சொல்லலாமாங்கிறது இங்க ஆங்கிலேயர்களே விடாம சண்டை போடுற விஷயம், உங்க கோபத்துக்கு அந்த ஊர்ல பாதிப் பேர் கை தூக்குவாங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க, அங்க வேலை செய்றவங்க பேரையோ உருவத்தையோ இழுக்காதீங்க.

அப்பா அம்மா மதுரையில இருந்து முதல் தடவையா வர்றாங்க. ஒரு நல்ல கிராமத்து பப் காட்டணும்னு ஆசை. எப்படித் தேர்ந்தெடுக்கறது?
(வாசகி, கார்லைல்)

உங்க ஊர்ப் பக்கமே ஒண்ணு இருக்கு. கம்பிரியாவுல ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்துல ஓல்ட் கிரவுன்னு ஒரு பப், அதை ஊர்க்காரங்களே பங்கு போட்டு 2003ல வாங்கினாங்க, பிரிட்டன்ல கூட்டுறவா நடந்த ஆரம்பகால பப்புல ஒண்ணு அது. அப்பாகிட்ட நம்ம ஊர் கூட்டுறவு சங்கம் மாதிரின்னு சொன்னா ஆர்வமாயிடுவார். கிச்சன் என்னைக்கெல்லாம் உண்டுன்னு முன்னாடியே கேட்டுக்கிட்டு கிளம்புங்க, நிறைய கிராமத்து பப்புல திங்கள், செவ்வாய் சாப்பாடு கிடையாது, மத்த நாள்லயும் மத்தியானம் ரெண்டு ரெண்டரையோட கிச்சன் மூடிட்டு ஆறு மணிக்குத்தான் திறப்பாங்க. இந்த இடைவெளி தெரியாம மூணு மணிக்குப் போய் நின்னவங்க கடிதம்தான் எனக்கு நிறைய வந்திருக்கு.

வேற எங்க போனாலும் மெனு சின்னதா இருக்கான்னு பாருங்க. ரெண்டு பேர் இருக்கிற கிச்சன்ல நாப்பது அயிட்டம் போட்டிருந்தா பாதி ஃப்ரீசர்ல இருந்துதான் வரும். கரும்பலகையில எழுதி, தீர்ந்ததை அழிச்சிருக்காங்கன்னா நம்பிப் போகலாம். கூட்டமில்லாத புதன், வியாழன் மத்தியானம் போங்க, பேசக் கூட அவங்களுக்கு நேரம் இருக்கும். அப்பா கறி சாப்பிடுவார்னா ஆட்டுக்கறியும் மின்ட் சாஸும் அவருக்குப் பிடிக்கும், புதினாத் துவையல் பழகின நாக்கு. அம்மாவுக்கு ப்ளவ்மேன்ஸ் லஞ்ச் சொல்லுங்க, சீஸ், பிரெட், ஊறுகாய் வெங்காயம், சட்னின்னு ஒரு தட்டு, ஹாம் வேண்டாம்னு மட்டும் முன்னாடியே சொல்லிடணும். உப்பு காரம் குறைச்சலாத்தான் இருக்கும், டேபிள்ல மிளகு இருக்கும், இங்கிலீஷ் மஸ்டர்ட் கேட்டு வாங்குங்க, அது நல்லா ஏறும். கடைசியில ஸ்டிக்கி டாஃபி புட்டிங் ஒண்ணு வாங்கி மூணு ஸ்பூன் கேளுங்க, பேரீச்சம்பழத்துல பண்றது, முட்டை இருக்கும்.

போன்ல புக் பண்ணும்போது அம்மாவுக்கு முட்டி வலின்னு சொல்லி, படி இல்லாத டேபிளும் டாய்லெட் எந்தப் பக்கம்னும் கேட்டுக்கோங்க. பழைய கட்டடத்துல வாசல் நிலை குனிஞ்சு போற உயரத்துலதான் இருக்கும், டாய்லெட் மாடியிலயோ முற்றத்துக்கு அந்தப் பக்கமோ இருக்கும், மழை பெஞ்சா கல்தரை வழுக்கும், அதனால அம்மாவைச் செருப்போட கூட்டிட்டுப் போகாம ஷூ போட்டுக் கூட்டிட்டுப் போங்க.